நேரமும் காசுதான்



வீடியோ கேம் தயாரிக்கும் நிறுவனங்கள் பெங்களூரு, ஐதராபாத், புனே ஆகிய ஊர்களில் பல இருக்கின்றன. திருநெல்வேலியில் இருக்கும் ஒரு பிள்ளை அங்கே நேர்காணலுக்குப் போக வேண்டுமென்றால் ரயில் கட்டணம், தங்கும் செலவு என்று கைமாற்று வாங்க வேண்டியிருக்கும். வீடியோ அழைப்பிலேயே நேர்காணல் என்று வந்தபின் அந்தச் செலவு போயிற்று. கையில் காசில்லாத வீட்டுக்கு இது பெரிய உபகாரம்.

கருவிகளும் அப்படித்தான். விளையாட்டு செய்ய அர்ஜென்டினாக்காரர்கள் உருவாக்கிய கோடோ என்ஜின் 2014 முதல் திறந்த மூல மென்பொருள். சின்ன 2டி விளையாட்டு செய்யப் பழைய மடிக்கணினியே போதும். 3டி உருவங்கள் செய்யும் பிளெண்டரும் இலவசம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: பாதியில் நிற்கும் பிரம்மாண்டத்தைவிட, முழுதாக முடித்த சின்ன விளையாட்டே உங்களுக்காகப் பேசும். நீங்கள் அனுப்பும் லிங்க்கைத் தட்டியதும் பிரவுசரிலேயே அது ஓட வேண்டும்.

நேர்காணலில் இப்படி ஒரு கேள்வி வரலாம். விளையாட்டில் துப்பாக்கிக் குண்டு சுவரில் படாமல் அந்தப் பக்கம் போய்விடுகிறது, ஏன்? விளையாட்டு ஒரு நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது. குண்டின் வேகம் நொடிக்கு 600 மீட்டர். அப்படியானால் ஒரு ஃபிரேமுக்கு 10 மீட்டர் தாவுகிறது. இந்த ஃபிரேமில் சுவருக்கு முன்னால், அடுத்த ஃபிரேமில் சுவருக்குப் பின்னால். நடுவில் சுவர் இருந்ததே கணினிக்குத் தெரியாது. முன்பு இருந்த இடத்திலிருந்து இப்போதைய இடம் வரை ஒரு கோடு இழுத்து, அது சுவரை வெட்டுகிறதா என்று பார்த்தால் பிடித்துவிடலாம். இதை மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டு விடையை மட்டும் சொல்லாதீர்கள். கேட்பவர் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். நீங்கள் யோசிக்கிறீர்களா, நெட் போய்விட்டதா என்று அவருக்குத் தெரியாது. வாய்விட்டு யோசியுங்கள். தமிழ் கலந்த ஆங்கிலமானாலும் பரவாயில்லை.

மின்சாரமும் நெட்டும் நம் கையில் இல்லை. முதல் நாளே ஃபோனுக்கு முழு சார்ஜ் ஏற்றி, ஹாட்ஸ்பாட் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வீட்டில் சத்தம் என்றால் நண்பர் வீட்டு அறையைக் கேளுங்கள்.

என் மனசை உறுத்துவது வேறொன்று. நேர்காணலுக்கு முன்போ பின்போ, "ஒரு சின்ன அசைன்மென்ட்" என்று அனுப்புவார்கள். சின்னது என்பார்கள், உட்கார்ந்தால் மூன்று நாள் போய்விடும். வசதி இருப்பவருக்கு அது மூன்று நாள் விடுமுறை. மாலையில் சாப்பாடு டெலிவரி செய்து வாடகை கட்டுகிறவருக்கு மூன்று நாள் கூலி. சம்பளமில்லாத நீண்ட தேர்வு, திறமையோடு சேர்த்துப் பண வசதியையும் சோதிக்கிறது. நிறுவனங்கள் அதைச் சில மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும், அல்லது கூலி தர வேண்டும். நீங்களும் கேட்கலாம்: "எத்தனை மணி நேரம் எதிர்பார்க்கிறீர்கள்? இதற்கு ஊதியம் உண்டா?" இதைக் கேட்டதற்காக முகம் சுளிக்கிற இடத்தில் வேலை எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வேலை கிடைக்காமல் போனால் உடனே உங்களைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை வேலையை விட்டு அனுப்பியது. அடுத்த மாதம் சோனி பிளேஸ்டேஷன் சுமார் 900 பேரை. அனுபவசாலிகளும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். அதனால் இப்போது பார்க்கும் வேலையை, ஆஃபர் கடிதம் கைக்கு வந்து, அதை நன்றாகப் படித்துப் பார்க்கும்வரை விடாதீர்கள். புது வேலையிலும் முதல் சம்பளம் வர ஒரு மாதம் ஆகும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைக்கு வேலை உறுதி, லேப்டாப்புக்கு முன்பணம் கட்டுங்கள், பயிற்சிக் கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குக் கிளம்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கைக்கு மாறுவதற்குள் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.