முச்சந்தியில் ஒரு மாநகரம்



பெரிய நகரம் ஒன்றின் அருகே இருப்பது ஓர் ஊருக்கு வாழ்வா, தாழ்வா என்று கேட்டால், உடனே விடை கூறுதல் எளிதன்று. ஆலமரத்தின் அடியில் நிற்பவனுக்கு வெயிலின் கொடுமை இல்லை. ஆனால் அந்த நிழலில் முளைக்கும் செடி தழைத்து வளர்வதும் அரிது. தலைநகரங்களின் பக்கத்தில் உள்ள ஊர்கள் இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையேதான் வாழ்கின்றன. அத்தகைய ஊர் ஒன்றை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்க விரும்புகிறேன். அது தென் கொரியாவில் உள்ள சியோனான் என்னும் நகரம்.

தென் கொரியாவின் தலைநகர் சியோல் என்பதை அறிவீர்கள். சியோல், இஞ்சியோன் ஆகிய இரு நகரங்களும், அவற்றைச் சூழ்ந்த கியோங்கி மாகாணமும் சேர்ந்த பகுதியைத் தலைநகர் வட்டாரம் என்று வழங்குகின்றனர். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 12 சதவீதமே ஆன இவ்வட்டாரத்தில், மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நெருங்கி வாழ்கின்றனர். அதன் தெற்கு எல்லையைக் கடந்து ஓர் அடி எடுத்து வைத்தால் நாம் நிற்கும் இடம் சியோனான். தென் சுங்சியோங் மாகாணத்தைச் சேர்ந்த இந்நகரம், சியோலிலிருந்து இருப்புப் பாதை வழியே சுமார் 97 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எல்லைக்கு வெளியே ஓர் அடி என்று சொன்னேன் அல்லவா? அந்த ஓர் அடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வூரின் இன்றைய வரலாறு முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

ஊரின் பெயருக்கு ‘விண்ணின் அமைதி’ என்று பொருள் கொள்ளலாம். கொரியோ அரசை நிறுவிய வாங் கொன் என்னும் மன்னர் 930-ஆம் ஆண்டில் இவ்விடத்தைத் தம் ஆட்சித் தலமாக அமைத்து இப்பெயரை வழங்கினார். பிற்காலத்தில் இதற்குப் புகழ் தந்தது இங்குள்ள முச்சந்தி. சியோலிலிருந்து தெற்கே வரும் பெருவழி இங்கே இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை ஜொல்லா நாட்டுக்கும், மற்றொன்று கியோங்சாங் நாட்டுக்கும் சென்றது. தேர்வு எழுதத் தலைநகர் சென்ற கல்விமான்களும், வணிகரும், அரசு அலுவலரும் இங்கே இரவு தங்கி, காலையில் தத்தம் வழியே பிரிந்தனர். இம்முச்சந்தியைப் பற்றிய நாட்டுப் பாடலை அறியாத கொரியர் அரியர்.

அங்கே ஒரு கதையும் வழங்குகிறது. எல்லைக் காவலுக்கு அழைக்கப்பட்ட தந்தை ஒருவர், தம் சிறு மகளை முச்சந்தியில் இருந்த விடுதி ஒன்றில் ஒப்படைத்தார். ஒரு வில்லோ மரக் கோலைத் தரையில் ஊன்றி, இது துளிர்த்துத் தழைக்கும்போது திரும்பி வருவேன் என்று கூறிச் சென்றாராம். முச்சந்தி எங்கும் வில்லோ மரங்கள் வளர்ந்ததற்கு மக்கள் கூறும் காரணம் இது. போகின்றவர் பலர், காத்திருப்பவர் ஊரார். வழியில் அமைந்த ஊரின் இயல்பை இதனினும் தெளிவாகச் சொல்ல முடியுமா?

கால்நடைப் பாதையின் இடத்தை இருப்புப் பாதை பிடித்தது. சியோலையும் பூசான் துறைமுகத்தையும் இணைக்கும் பாதை 1905-ஆம் ஆண்டு தொடக்கத்தில் திறக்கப்பட்டது. 1922-இல் மேற்கு நோக்கிய கிளைப் பாதையும் இங்கிருந்து பிரிந்தது. பழைய முச்சந்தி புகைவண்டிச் சந்திப்பாக மாறிற்று. 1934 முதல் இங்கே ஒரு பணியாரம் விற்கப்படுகிறது. அக்ரூட் கொட்டையின் வடிவில் வார்த்து, உள்ளே இனிப்பிட்ட பயற்று விழுதும் அக்ரூட் துண்டும் வைத்துச் சுடுவது அது. பயணிகளால் நாடெங்கும் பரவிய அப்பணியாரம் ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

ஆயினும் சியோனான் மாநகரமாக வளர்ந்தது வேறு ஒரு காரணத்தால். நாட்டின் செல்வமும் மக்களும் தலைநகரில் வந்து குவிவதைக் கண்டு அஞ்சிய அரசு, 1982-ஆம் ஆண்டின் இறுதியில் தலைநகர் வட்டாரச் சீரமைப்புச் சட்டத்தை இயற்றிற்று. பெரிய தொழிற்சாலைகளையும் பல்கலைக்கழகங்களையும் அவ்வட்டாரத்துள் புதிதாக அமைப்பதற்கு அது கட்டுப்பாடு விதித்தது. தடுக்கப்பட்ட வெள்ளம் எங்கே செல்லும்? கரைக்கு வெளியே உள்ள முதல் பள்ளத்தை நாடும். அந்தப் பள்ளம் சியோனான். சட்டம் பிறப்பதற்கு முன்பே, 1978-இல், தன்குக் பல்கலைக்கழகம் இங்கே ஒரு வளாகத்தைத் தொடங்கியிருந்தது. பின்னர் வேறு பல கல்வி நிலையங்களும் வந்தன. மின்னணுக் கருவிகளுக்கான திரைகளையும் மின்கலங்களையும் செய்யும் ஆலைகள் சியோனானிலும் அண்டை நகரமான அசானிலும் எழுந்தன. 2000-ஆம் ஆண்டில் நான்கு இலட்சத்தைச் சற்றே கடந்திருந்த மக்கள் தொகை, இருபது ஆண்டுகளில் ஆறரை இலட்சத்தைத் தொட்டது.

2004-இல் அதிவேக ரெயில் வந்தது. சியோலுக்கு ஏறத்தாழ 40 நிமிடப் பயணம். 2005 சனவரியில் தலைநகரின் நகர்ப்புற மின்ரெயிலும் சியோனான் வரை நீண்டது. ஊரார் மகிழ்ந்தனர். ஆனால் அருகில் வருவதற்கு அமைந்த பாதை, விலகிப் போவதற்கும் அமைந்த பாதையே. மாணவர் பலர் காலையில் சியோலிலிருந்து வந்து, மாலையில் அங்கேயே திரும்புகின்றனர். புதிய குடியிருப்புகள் மேற்கே பெருக, பழைய ரெயில் நிலையத்தைச் சுற்றிய கடைத்தெருக்கள் களை இழந்தன. அவற்றிற்குப் புத்துயிர் அளிக்க நகராட்சி முயல்கிறது. நாட்டில் பிறப்பு குறைந்துவருவதால், தலைநகருக்கு வெளியே உள்ள கல்லூரிகள் மாணவர்களைத் தேட வேண்டிய நிலையும் வந்திருக்கிறது.

இன்னொரு கவலையும் உண்டு. 2008-இல் தலைநகர் வட்டாரக் கட்டுப்பாடுகளை அரசு தளர்த்த முன்வந்தபோது, வெளி மாகாணங்கள் கடுமையாக எதிர்த்தன. சட்டத்தால் வந்த வாழ்வு, சட்டம் மாறினால் என்னாகும்? அவர்களுடைய அச்சத்தில் நியாயம் இல்லை என்று கூற முடியாது.

இக்கேள்விக்கு ஒரு விடையை இந்நகரின் கிழக்குப் பகுதியில், அவுனே சந்தையில் காணலாம். யூ குவான்-சூன் என்னும் பெண் அப்பகுதியில் 1902-இல் பிறந்து, சியோலில் ஈஹ்வா பள்ளியில் பயின்றாள். 1919 மார்ச்சு முதல் நாளில் சியோலில் விடுதலை முழக்கம் எழுந்தது. ஜப்பானிய ஆட்சியினர் பள்ளிகளை மூடினர். அவள் ஊர் திரும்பினாள். தலைநகரில் கேட்ட முழக்கத்தைத் தன் ஊராரின் முழக்கமாக ஆக்க ஊர் ஊராகச் சென்றாள். ஏப்ரல் முதல் நாள் அவுனே சந்தையில் சுமார் மூவாயிரம் பேர் திரண்டனர். அங்கே நடந்த அடக்குமுறையில் அவளுடைய பெற்றோர் இருவரும் உயிர் இழந்தனர். அவளும் 1920 செப்டம்பரில் சிறையில் மாண்டாள். அப்போது அவளுக்கு வயது 17. உங்களில் பலருடைய வயது.

தலைநகரிலிருந்து எத்தனையோ பொருள்கள் அவ்வழியே சியோனானுக்கு வந்துள்ளன. ஆலை வந்தது, கல்லூரி வந்தது, ரெயில் வந்தது. அவை இடம் தேடி வந்தவை. வேறு இடம் நன்றெனில் பெயர்ந்தும் போகும். அந்தப் பெண்ணோ தன் ஊரை நாடி வந்தாள். அவள் கொண்டுவந்தது இன்றும் போகவில்லை. 1987 ஆகஸ்டு 15-ஆம் நாள், பொதுமக்கள் அளித்த நன்கொடையின் துணையால் எழுந்த விடுதலை நினைவு மண்டபம் சியோலில் திறக்கப்படவில்லை; இவ்வூரின் பக்கத்திலேதான் திறக்கப்பட்டது. நாட்டின் நினைவைத் தேடி, தலைநகரத்தார் எல்லையைக் கடந்து இங்கே வருகின்றனர்.

நண்பர்களே, கற்பதற்காக நீங்களும் பெருநகரங்களுக்குச் செல்வீர்கள், செல்லத்தான் வேண்டும். முச்சந்தியில் நின்றவர் எல்லாரும் ஏதேனும் ஒரு வழியே போனவர்தாம். போன வழியே ஒரு நாள் திரும்புகிறவர் சிலரேனும் இருந்தால், வழியில் உள்ள ஊர் வாழும் ஊராகும். சியோனானின் எதிர்காலம் அத்தகைய சிலரின் கையில் இருக்கிறது.