ஆற்றங்கரைத் தெருவும் வெள்ளச் சுவரும்
(சென்னையில் அடையாற்றங்கரைத் தெரு ஒன்றில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இத்தெருவுக்கு ஆற்றோரமாய்ச் சுவர் வைக்கும் விஷயத்தைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கின்றீர்கள். நாம் எஞ்சினீயருக்குப் படித்தவரல்ல. ஆனாலும் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஓடும் என்பதைத் தெரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லையாதலால் ஒப்புக்கொண்டோம்.

வெள்ளம் வருவது தலைவிதி என்றும், வருணபகவானுடைய கோபம் என்றும் சொல்லுகின்றவர்கள் இத்தெருவிலும் இருக்கின்றார்கள். அவர்களை ஒன்று கேட்கின்றோம். 1943, 1976, 1985, 2005, 2015 ஆகிய வருஷங்களில் அடையாறு கரை மீறிற்று. 1976-ல் கோட்டூர்புரத்து வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள் முழுகின. பகவானுக்குக் கோபம் வருவதானால் ஒவ்வொரு தடவையும் அதே பள்ளத்துத் தெருக்கள் மீதே வருவானேன்? பாவம் செய்தவர்களெல்லாம் ஆற்றோரத்தில்தான் வாடகைக்கு இருக்கின்றார்களா?

2015-ம் வருஷத்துச் சங்கதி உங்களுக்குத் தெரியும். செம்பரம்பாக்கம் ஏரியின் ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நவம்பர் மழையிலேயே அது நிரம்பும் நிலைக்கு வந்துவிட்டது. டிசம்பர் 1-ந் தேதி பெருமழை கொட்டவே, வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. ஏரிக்குக் கீழே பெய்த மழையும் அத்துடன் சேர்ந்து ஆற்றிலேயே வந்தது. இதை விசாரித்த கணக்குத் தணிக்கை அறிக்கை 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்டது. மனிதர்களால் நேர்ந்த கேடு என்றே அது கூறிற்று. பகவான் பேரில் குற்றம் சாட்டப்படவில்லை.

நிற்க, சுவர் விஷயத்திற்கு வருவோம். சுவர் கட்டினால் போதும் என்று நினைக்கின்றீர்கள். போதாது. நமக்குத் தெரிந்த ஓர் ஊரில் இப்படித்தான் ஆற்றோரத் தெருவுக்குச் சுவர் போட்டார்கள். நடுவில் ஒரு சிறு கோவில் குறுக்கிட்டது. சுவாமி ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் பார்வையை மறைக்கக்கூடாது என்று நாலு பெரிய மனிதர்கள் சொல்ல, அங்கே எட்டடி அகலத்திற்குச் சுவரில்லாமல் விட்டுவிட்டார்கள். அடுத்த வெள்ளத்தில் தண்ணீர் அந்த எட்டடி வழியாகவே தெருவுக்குள் புகுந்தது. முதலில் முழுகினவர் அந்தச் சுவாமிதான். வடிய வேண்டிய தண்ணீரைச் சுவரே உள்ளே அடைத்துக்கொண்டதால் மூன்று நாள் வீட்டுக்குள் நின்றது. படித்துறைக்கு வழி வேண்டுமென்றால் விடலாம். ஆனால் வெள்ளம் வரும்போது பலகை இறக்கி அடைப்பதற்குக் காடியும், அதை இறக்குகின்ற ஆளும் வேண்டும்.

இதைவிட மோசமானது சாக்கடை. உங்கள் தெருவின் மழைநீர்க் கால்வாய் ஆற்றில்தானே விழுகின்றது? ஆறு உயர்ந்தால் தண்ணீர் அதே குழாய் வழியாய்த் திரும்பி வரும். சுவர் எவ்வளவு உயரமிருந்தும் ஆறு உங்கள் வீட்டு முற்றத்தில் கிளம்பும். ஆகவே குழாய் வாயில் ஆற்றுப் பக்கமாய் மட்டும் திறக்கின்ற ஒருவழிக் கதவு வேண்டும். அது மூடியிருக்கும் நேரத்தில் தெருவில் பெய்கின்ற மழையை இறைத்து வெளியே தள்ளக் கிணறும் பம்பும் வேண்டும். கதவில் குப்பை சிக்கினால் அது மூடாது. மாதமொருமுறை பார்க்க வேண்டும். திறப்பு விழாவுக்கு மாலை வாங்குகின்ற பணத்தில் இந்த வேலைக்கு ஓர் ஆளுக்குக் கூலி கொடுக்கலாம்.

சுவரின் இரு கோடிகளும் மேட்டில் போய் முட்ட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் சுற்றிக்கொண்டு வரும். அஸ்திவாரமும் ஆழமாயிருக்க வேண்டும். மணலுக்கடியில் ஊறிவருகின்ற தண்ணீர் சுவரையே சாய்த்துவிடும்.

அன்றியும், இந்தக் கரையில் சுவர் வைத்தால் தள்ளப்பட்ட தண்ணீர் எங்கே போகும்? எதிர்க்கரையிலும் மனிதர்கள்தான் இருக்கின்றார்கள். நம் தெரு பிழைத்தால் போதும், அந்தச் சேரி போனால் போகட்டும் என்பது திட்டமல்ல; அது பழைய ஜாதிப் புத்தி. ஆற்றுக்கு இடம் விட்டுத்தான் சுவர் வைக்க வேண்டும்.

ஆனால் ஆற்றுக்கு இடம் விடுவது என்று சொன்னவுடன் சர்க்காருக்கு யார் ஞாபகம் வருகின்றது? குடிசைக்காரன்தான். 2015-க்குப் பிறகு அடையாற்றங்கரை ஏழைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்திற்குக் கொண்டுபோய் விட்டார்கள். அதுவோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையடுத்த இடம். அங்கும் மழைத் தண்ணீர் நிற்கின்றது. வேலையோ இங்கே இருக்கின்றது. அதே ஆற்றின் மீது விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுதளம் பாலமாய்ப் போகின்றது. அதை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை. குடிசையின் சாமான் ஆற்றை அடைக்கின்றது, கான்கிரீட் தூண் அடைக்கவில்லை என்பது எந்தக் கணக்கோ நமக்கு விளங்கவில்லை.

ஆகையால் வரைபடத்துடன் அதிகாரிகள் வரும்போது கும்பிட்டுக்கொண்டு நிற்காதீர்கள். சுவரின் உச்சி எத்தனை அடி, எந்த வருஷத்து வெள்ளத்தை வைத்துப் போட்டது, எதிர்க்கரையில் தண்ணீர் எவ்வளவு உயரும், யார் வீடு போகின்றது, போனால் பக்கத்திலேயே வேறு வீடு உண்டா என்று கேளுங்கள். பெண்களும் கேட்க வேண்டும். வெள்ளம் வீட்டில் எந்த அலமாரி வரைக்கும் ஏறிற்று என்பது அவர்களுக்குத்தான் சரியாய்த் தெரியும்.

அந்த அளவை இப்போதே எழுதி வைக்க வேண்டும். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் இத்தெரு வாலிபர்கள் சிலர் ஒரு வாளி சிவப்புச் சாயமும் அளவுகோலும் கொண்டு வீடு வீடாய் வருவார்கள். 2015-ல் தண்ணீர் நின்ற இடத்தைக் காட்டுங்கள். சுவரில் கோடு போட்டு, தரையிலிருந்து எத்தனை அடி என்று நோட்டில் குறித்துக்கொள்ளுவார்கள். எதிர்க்கரைக்கும் அன்று மாலை போகின்றோம்.