தனியறையில் ஒரு பன்மை



சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பர் அறிஞர். இந்நெய்தல் மண்ணில் பத்தாண்டு வளர்ந்த நம் வட்டத்தார் பலர் இன்று பிழைப்பின் பொருட்டு வெளியூர்களில் வாழ்கின்றனர். ஆகவே, பிரிந்திருந்தும் ஒரு மடத்தாராய் வாழும் கிறித்தவர் சிலரைப் பற்றிப் பேச விழைகிறேன்.

குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், பிரெஞ்சுக் குருக்களாகிய மோன்ஷனேனும் லெ சோவும் 1950ஆம் ஆண்டில் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். சாந்திவனம் என்றால் பலரும் அறிவர். எனினும் அன்று அது தழைக்கவில்லை. மோன்ஷனேன் 1957இல் பாரிசில் மறைந்தார். அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பூண்ட லெ சோ, 1968இல் இமயத்து உத்தரகாசிக்கே சென்றுவிட்டார். கூடி வாழக் கட்டிய குடிலில் கூட்டம் சேரவில்லை! அவ்வாண்டு வந்து பொறுப்பேற்ற ஆங்கிலேயர் பீட் கிரிபித்ஸ் காலத்தில்தான் ஆசிரமம் வளர்ந்து, 1980களில் கமால்தோலித் துறவுக் குடும்பத்தில் இணைந்தது. பீட் 1993இல் மறைந்தார்.

அக்குடும்பத்தில் ‘ஒப்லேட்’ எனப்படுவோர் உண்டு. இல்லறத்தாரும் ஆகலாம். மடத்தில் தங்குவதில்லை, வாக்குறுதி அளித்து, அவரவர் வீட்டிலேயே செபமும் தியானமும் மேற்கொள்வர். எல்லாரும் ஒரே வேளையில் செபிப்பர் எனக் கருத வேண்டா. மார்கழியில் தண்ணீர்ப்பள்ளியில் கதிரவன் எழும்போது, கலிபோர்னியாவில் பிக் சர் மலைமேலுள்ள அவர்தம் மடத்தில் முந்தைய நாளின் அந்தி! அப்படியானால் அவர்களை இணைப்பது யாது?

இவ்வினா பழையது. பதினோராம் நூற்றாண்டு இத்தாலியில் தனிக்குடில் துறவியர்க்கு ஓர் ஐயம் எழுந்தது. வழிபாட்டில், ‘ஆண்டவர் உங்களோடு’ என வாழ்த்துவது மரபு. கேட்க ஒருவருமில்லாத அறையில் அப்பன்மையைச் சொல்லலாமா? மறுமொழியையும் தாமே கூறுவதா? கூறலாம் என்று விரிவான மடல் எழுதினார் பேதுரு தமியான். ஒவ்வொருவரிடத்தும் திருச்சபை முழுமையும் உறைகிறது என்பது அவர் வாதம்.

இலத்தீனில் தன்மைப் பன்மை ஒன்றே. நமக்கோ ‘நாங்கள்’ வேறு, ‘நாம்’ வேறு. கேட்பவரையும் உள்ளடக்கும் ‘நாம்’, கேட்பவர் இல்லாத அறையில் என்னவாகும்? தனியே கவிதை எழுதும் எவரும் அறிவீர்கள்.

ஆயினும் மடமே இல்லாமல் மடத்தார் நிலைப்பரா என்பதில் எனக்கு ஐயமுண்டு. எங்கோ ஓரிடத்தில் சிலராவது விளக்கேற்றி அமர்ந்திருக்க வேண்டும். மூவரே வந்தாலும் நம் மாதக் கூட்டத்தை நிறுத்தலாகாது. உப்பள வேலை ஓயும் மழை மாதங்களில் எல்லாரும் ஒருமுறை நேரில் கூடலாம். மற்ற மாதங்களில், வராதவர் அனுப்பும் கவிதையை வந்தவர் ஒருவர் உரக்கப் படித்து, அவைக்கருத்தை அவருக்கு எழுதியனுப்பும் வழக்கத்தை அடுத்த கூட்டத்திலேயே தொடங்குமாறு வேண்டுகிறேன்.