கல்லறையில் கிடைத்த பெயர்

நீலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் போகிறவர்கள், மலையை வெட்டிச் சாலை போட்ட இடங்களில் கருநீலம் கலந்த சாம்பல் நிறப் பாறையைப் பார்த்திருப்பார்கள். புதிதாக உடைத்தால் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். அதன் பெயர் சார்னோகைட்.

பெயர் வந்த கதை மலையில் தொடங்கவில்லை. கொல்கத்தாவின் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் அந்தக் கல்லை ஆராய்ந்தார். நம் பல்லாவரம் பக்கத்துப் பாறையும் அதுவும் ஒரே இனம்! கல்லறைக்கு உரியவரின் பெயரையே கல்லுக்கும் சூட்டிவிட்டார். பல்லாவரத்தின் பெயரை வைத்திருக்கலாம். என்ன செய்வது, பெயர் வைத்தவர் வெள்ளைக்காரர்.

பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்திலும் பெரும் அழுத்தத்திலும் பழைய பாறை உருமாறிப் பிறந்தது இது. நீலகிரியில் இதன் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். டைனோசர்களெல்லாம் நேற்று வந்தவை!

சென்னைவாசிகள் இதைப் பார்க்க மலையேற வேண்டியதில்லை. பரங்கிமலையில் உள்ள சார்னோகைட் பாறை, தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.