வெதுவெதுப்பான கடல்நீரும் விப்ரியோக் கிருமியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடல்நீராட்டு எக்காலத்தும் எவர்க்கும் நலமே தரும் என்று நம்பி வளர்ந்தவன் நான். அந்நம்பிக்கையைத் திருத்தியவள் என் மருமகள். அந்நிகழ்ச்சியை முதலிற் கூறிவிடுகின்றேன்.

சென்ற ஆண்டு கோடையில், அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்திலே உத்தியோகம் பார்க்கும் என் புதல்வன் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். ஒருநாள் குடும்பத்துடன் கால்வெஸ்டன் கடற்கரைக்குப் போனோம். பேரக் குழந்தைகள் அலையில் இறங்கினர். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்க முற்பட்டேன். மருமகள் ஓடிவந்து, "மாமா, உங்கள் குதிகாலில் வெடிப்பு இருக்கிறது, நீரிழிவும் உண்டு. இந்தத் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம்" என்று தடுத்தாள். குழந்தைகள் முன்னிலையில் என்னைத் தடுத்தாளே என்று மனம் வருந்தி, இரவு வரையில் அவளுடன் பேசாதிருந்தேன். பின்னர் அவள் கொடுத்த சுகாதாரப் பிரசுரங்களைப் படித்த பிறகே, என் கோபம் அறியாமையின்பாற்பட்டது என உணர்ந்தேன். அங்ஙனம் அறிந்தவற்றையே இங்கு உரைக்கின்றேன்.

காலரா என்னும் வாந்திபேதியை உண்டாக்கும் கிருமியை நாம் அறிவோம். அது விப்ரியோ என்னும் இனத்தைச் சேர்ந்தது. அவ்வினத்திலேயே 'விப்ரியோ வல்னிபிகஸ்' என்றொரு கிருமி உண்டு. வல்னிபிகஸ் என்னும் லத்தீன் மொழிக்குப் 'புண் செய்வது' என்பது பொருள். ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுகங்களில், நீரின் வெப்பம் 20 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படும்போது இது பெருகுகின்றது. மெக்ஸிகோ வளைகுடாவின் கரையோர நீரோ கோடையில் 30 டிகிரியை எட்டுவது. இது சாக்கடையினால் உண்டாவதன்று. கடலுக்கு இயல்பாய் உரியது. ஆதலின், தெளிந்த நீர் என்று கண்ணால் கண்டு துணிதல் கூடாது.

இக்கிருமி உடலிற் புகும் வழிகள் இரண்டு. ஒன்று, தோலிலுள்ள காயம். மற்றொன்று, பச்சையாக உண்ணும் சிப்பி. அமெரிக்காவில் ஆண்டுதோறும் சுமார் 150 முதல் 200 பேருக்கே இந்நோய் கண்டதாகப் பதிவாகின்றது. தொகை சிறிதுதான், ஆயினும் நோயுற்றவரில் ஐவரில் ஒருவர் இறக்கின்றனர், சிலர் ஓரிரு நாட்களுக்குள்ளாகவே மாண்டுபோகின்றனர். ஈரல் நோயுடையோர், நீரிழிவுடையோர், நோயெதிர்க்கும் வன்மை குன்றியோர் ஆகியோரையே இது பெரிதும் பற்றுகின்றது. நம்மில் நீரிழிவு இல்லாத வீடு எத்தனை? அந்நோயினால் பாதத்தின் உணர்ச்சி மரத்துப்போகுமாதலின், காயம் இருப்பதையே சிலர் அறியார்.

புயற்காலத்தில் அபாயம் மிகும். 2005-ஆம் ஆண்டில் கட்ரீனா என்னும் புயல் வீசிய பின், விப்ரியோ இனக் கிருமிகளால் 22 பேர் நோயுற்று, அவருள் ஐவர் இறந்தனர். 2022-இல் இயான் புயல் தாக்கிய பிளாரிடா மாகாணத்தில், அவ்வாண்டு முழுவதிலும் வல்னிபிகஸ் நோய் கண்டோர் 74 பேர். இறந்தோர் 17 பேர். அன்றியும், கடல் வெப்பமடையுந்தோறும் இக்கிருமி வடக்கே நகருகின்றது. 1988 முதல் 2018 வரை அந்நாட்டுக் கீழைக் கரையில் காயத்தின் வழி வந்த நோய் எட்டு மடங்காயிற்று என 2023-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகின்றது.

இனிச் சிப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. கிருமியுள்ள சிப்பி நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ வேறுபடுவதில்லை. எலுமிச்சைச் சாறும் காரக் குழம்பும் அக்கிருமியைக் கொல்லா. நன்கு வேகவைத்தலே கொல்லும். ஆனால் பிளாரிடாக் கரையில் 'செந்நீர்ப் பெருக்கு' உண்டாகும் காலத்தில், கரேனியா பிரேவிஸ் என்னும் நுண்பாசியின் நஞ்சு சிப்பியிற் சேரும். அந்நஞ்சு வேகவைத்தாலும் அழியாது. ஆகையால் அக்காலத்தில் அதிகாரிகள் தடுத்த இடத்துச் சிப்பியை எவ்வாற்றானும் உண்ணலாகாது.

நாம் செய்யத்தக்கவை அரியன அல்ல. ஆறாத புண்ணோடு கடலிலும் கழிமுகத்திலும் இறங்காதிருத்தல்; இறங்கியே தீரவேண்டின் நீர் புகாத கட்டுப் போடுதல்; கடலிற் காயம்பட்டால் உடனே சோப்பும் நல்ல நீரும் கொண்டு கழுவுதல்; காயம் சிவந்து, வீங்கி, வலி மிகுந்து, கொப்புளம் எழுந்தால், விடியட்டும் என்று காத்திராது அப்போதே மருத்துவமனைக்குச் செல்லுதல்; கடல்நீர் பட்ட செய்தியை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுதல். இச்செய்தி அறிந்தாலன்றோ அவர் உரிய மருந்தைத் தாமதமின்றிக் கொடுக்க இயலும்?

அன்பர்களே! அயல்நாட்டிலுள்ள மக்களைக் காணச் செல்லும் முதியோர் நம் சங்கத்தில் பலர். கடலைக் கண்டு அஞ்சுங்கள் என்று நான் கூறவில்லை. புறப்படுமுன் உங்கள் பாதங்களை ஒருமுறை பாருங்கள். இளையோர் தடுத்துரைத்தால் மூப்பின் பெருமையால் அதனைத் தள்ளாதீர்கள். மறுநாட் காலையில் நான் என் மருமகளிடம், "அம்மா, நீ சொன்னதே சரி" என்றேன். அச்சொல்லைச் சொல்ல எனக்கு ஓர் இரவு ஆயிற்று. அந்நோய்க்கும் ஓரிரவே போதுமானது. இதனை நினைவில் வைப்பீர்கள் என்னும் நம்பிக்கையுடன் என் உரையை முடித்துக்கொள்கின்றேன்.