அம்மாவின் அடுக்குப்பானை



நம்ம வீட்டு மூலையில் அடுக்குப்பானை இருந்ததே, ஞாபகம் இருக்கா? பெரிசு கீழே, சிறிசு மேலே. ஒன்றில் புளி, ஒன்றில் உப்பு, அடிப்பானையில் கேழ்வரகு. அந்தக் கேழ்வரகுக்குள்ளே எங்க அம்மா காசு ஒளிச்சு வைப்பாங்க. சதுரமான அஞ்சு பைசா, ஓரம் பூ மாதிரி வளைஞ்ச பத்து பைசா, ஆறு மூலை இருபது பைசா. எல்லாம் நாற்று நட்ட கூலியில் மிச்சம் பிடிச்சது. அப்பாவுக்குத் தெரியாது. பத்தாவது பரீட்சைக்குப் பணம் கட்ட முடியாம நான் அழுதப்போ, அதிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தாங்க.

அம்மா இறந்த பிறகு பானையைக் கவிழ்த்தோம். துணியில் முடிஞ்ச காசு இன்னும் இருந்தது. ஆனா 25 பைசா வரைக்கும் உள்ள காசெல்லாம் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயிடுச்சே!

1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் நம்ம வாலாஜாபாத்துக்கும் வந்தது. இன்னைக்கு நம்ம சேமிப்பு நம்ம பேரில், எல்லார் முன்னாடியும் எழுதப்படுது. பானை போனதில் எனக்கு வருத்தம்தான். ஒளிச்சு வைக்கிற காலம் போனதில் இல்லை. இந்த மாசம் சேமிப்பு கட்டும்போது, புத்தகத்தில் உங்க பேரை ஒரு தடவை படிச்சுப் பாருங்க.