ஓடும் கலத்தின் நீர்க்குறி



புழலுக்குத் தெற்கே, பெரம்பூர்த் தொடர்வண்டிப் பெட்டித் தொழிலகத்தில், 2025 சூலைத் திங்களில் நீர்வளியால் இயங்கும் பெட்டியொன்று ஓட்டிப் பார்க்கப்பெற்றது. அதன் உயிர்நிலை எரிபொருள் மின்கலம். ஒருபுறம் நீர்வளி, மறுபுறம் காற்று, நடுவே மென்படலம், அதன் இருமருங்கும் பிளாட்டினத் துகள்கள். மின்னாற்றல் பிறக்கும், கழிவாய் நீர் வெளிவரும்.

அக்கலமும் நோயுறும். பூட்டிய அறையில் கரியடுப்பு மூட்டி உறங்கினோரைக் கொல்லுமே, அந்தக் கரிநச்சு வளி பிளாட்டினத்தையும் பற்றும். ஊர்திக்கான நீர்வளியில் அது 100 கோடிப் பங்கில் 200-ஐ, கந்தகம் 4-ஐத் தாண்டலாகாது என்பது பன்னாட்டுத் தரம்.

நிறுத்திப் பிரித்தால் நோய் முழுதும் புலப்படாது. காற்றுப் பட்டதுமே பிளாட்டினத்தின் மேற்பரப்பு மாறிவிடும். ஆதலின் ஓடும்போதே ஆய்கின்றனர். வெளிவரும் நீரில் புளூரைடு மிகின் படலம் அரிபடுகின்றது. வெளிக்காற்றில், உட்சென்றதினும் கரியமிலவளி மிகின், துகள்களைத் தாங்கும் கரி தேய்கின்றது. சித்த மருத்துவர் நீர்க்குறி பார்த்ததும் இவ்வாறே அன்றோ!

வடசென்னைக்குத் தனிக் கவலை உண்டு. கலம் மூச்சிழுப்பது ஊர்க்காற்றையே. அத்திப்பட்டில் எரியும் நிலக்கரியினின்று எழும் கந்தகப்புகை பிளாட்டினத்தில் ஒட்டினால் உயிர்வளிக்கு அங்கு இடமில்லை. கரிநச்சைச் சிறிது காற்றூட்டி நீக்கலாம். கந்தகம் எளிதில் விடாது. கலத்தின் காற்றுவாயிலுக்கு வடிகட்டி வைப்பர். அக்காற்றையே இழுக்கும் எண்ணூர் மக்களுக்கு வைத்தவர் எவர்? வடிகட்டி வைத்த பின்னும், ஓடும் கலத்தின் மின்னழுத்தத்தை நாடோறும் குறித்துவரல் வேண்டும். கந்தகம் நுழைந்ததை முதலில் காட்டுவது அதன் இறக்கமே.